ஏட்டிலே காவல், கடலிலே சூறை!

அனுமதிப் பத்திரம் என்பது யாது? ஒருவனுக்குக் கொடுக்கப்படும் உரிமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஊராருக்குக் கொடுக்கப்படும் உறுதிமொழி. "இவன் இன்ன இடத்தில், இன்ன முறையில், இவ்வளவே எடுப்பான், அதற்கு மேல் எடுக்க விடமாட்டோம்" என்று அரசாங்கம் தன் முத்திரையைக் குத்திக் கொடுக்கும் வாக்கு அது. பத்திரம் பெற்றவன் தன் பாதியை ஒருபோதும் மறப்பதில்லை. ஊராருக்குரிய பாதி நிறைவேறியதா என்று கேட்பவர் யார்? அதைக் கேட்பதற்கென்றே கணக்காய்வு என்றோர் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. அந்த ஏற்பாடு நம்முடைய கடலுக்கு வந்து சேரவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

முன்னேஸ்வரத்திலிருந்து வடக்கே ஆனைவிழுந்தான், உடப்பு, முந்தல், கற்பிட்டி என நீளும் கரையைச் சற்றே மனக்கண்ணில் நிறுத்துங்கள். ஈழத்து ஈச்சரங்களுள் ஒன்றாகிய முன்னைநாதர் திருவிழா முடிவில் தீர்த்தமாடும் தெதுறு ஓயா, குருநாகல் வயல்களின் வடிகாலையும் சுமந்துகொண்டு சிலாபத்தருகே கடலிற் கலக்கிறது. சிலாபக் களப்பையும், முந்தல் வாவியையும், புத்தளக் களப்பையும் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் ஒரு நூலிலே கோத்திருக்கிறது. அந்நூலின் வடமுனையில், கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அப்பால், 1992ஆம் ஆண்டு சரணாலயம் எனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பார் முருகைக்கற் கடல் கிடக்கிறது. ஏறத்தாழ 307 சதுர கிலோமீற்றர் பரப்பு. 156 வகை முருகைகளும் 283 வகை மீன்களும் அங்கு உண்டென ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். மன்னார் வளைகுடாவின் தென்வாயிலில் அமைந்த இந்தப் பார், மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். கரையோரத்து ஏழைக்கு உலை. வயலும் ஆறும் களப்பும் கடலும் இங்கே ஒரே உடம்பின் உறுப்புகள். ஆகவே, "கடற் பிரச்சினை கரையாருக்கு, எமக்கென்ன?" என்று கமக்காரரோ, வழக்கறிஞரோ, வைத்தியரோ, ஆசிரியரோ ஒதுங்கிவிட முடியாது.

'பார்' என்ற சொல்லை நாம் எவரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. முத்துச் சிப்பி படிந்த கடலடித் தளத்தை நம் முன்னோர் 'பார்' என்றனர். முத்துக் குளிப்பைச் 'சலாபம்' என்றனர். சிலாபம் என்ற ஊர்ப் பெயரே அச்சொல்லின் சாயலைத் தாங்கி நிற்கிறது என்பர். அந்தச் சலாபம் எவ்வாறு நடந்தது? வெள்ளையர் ஆட்சியில் பார்களைப் பரிசோதிப்பதற்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருந்தார். அவர் கடலுக்குச் சென்று, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, எண்ணி, முதிர்ச்சி பார்த்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே இவ்வாண்டு சலாபம் உண்டா இல்லையா என்ற அறிவித்தல் வெளிவரும். சிப்பி முதிரவில்லையா? குளிப்பு இல்லை! ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். முதலில் கடலை எண்ணுவது, அதன் பின் அனுமதி கொடுப்பது என்ற முறை அன்றே இருந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1905இல் நடந்த சலாபம் அவ்வாட்சியிற் கண்டவற்றுள் மிகப் பெரியது. அந்த மயக்கத்திலே, 1906இல், பார்கள் யாவும் ஆண்டு வாடகைக்கு இருபது வருடக் குத்தகையாக ஒரு கம்பெனிக்குக் கையளிக்கப்பட்டன. 1907க்குப் பின் அக்கம்பெனிக்குச் சலாபமே வாய்க்கவில்லை; 1912இல் கதை முடிந்தது. சிப்பி வற்றியதற்குக் காரணம் இயற்கையா, பேராசையா என்று அறிஞர் வாதிடட்டும். நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. கடலைக் காக்கும் அரசாங்கத்தின் கண், சிப்பியை விட்டு வாடகைப் பணத்தின்மேல் விழுந்துவிட்டால், பணப்பெட்டிக் கணக்குச் சரியாகவே இருக்கும்; பார் வெறுமையாகக் கிடக்கும்.

இன்று நிலை என்ன? சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சரணாலயத்தைப் பிரகடனஞ் செய்கிறது. காவல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் படகுக்குப் பதிவும் தொழிலுக்கு உரிமமும் வேண்டுமென்கிறது. அது கடற்றொழில் திணைக்களத்தின் கையில். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் நிலப்பக்கம் 300 மீற்றரும் கடற்பக்கம் 2 கிலோமீற்றருமான வலயத்திலே எதைக் கட்டுவதற்கும் அனுமதி வேண்டுமென்கிறது. அது இன்னொரு திணைக்களத்தின் கையில். இறால் வளர்ப்பைக் கவனிக்க 1998இல் தோன்றிய அதிகாரசபை ஒன்று. கப்பல் கக்கும் கழிவைக் கவனிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரசபை மற்றொன்று. வடமேல் மாகாணத்துக்கென 1990ஆம் ஆண்டு நியதிச் சட்டத்தின் வழிவந்த சுற்றாடல் அதிகாரசபை வேறொன்று. கந்தோர் ஆறு, கடல் ஒன்று!

இவற்றுள் ஒவ்வொன்றும் தன் ஏட்டைத் தானே எழுதுகிறது. சரணாலயம் என்பது தேசிய பூங்காவைப்போல் அனுமதிச் சீட்டின்றி நுழைய முடியாத இடமன்று, அங்கே மீனவர் காலங்காலமாகத் தொழில் செய்கின்றனர், செய்யவும் வேண்டும். அதனாலேயே கடற்றொழில் உரிமம் முக்கியமாகிறது. வேலியற்ற தோட்டத்திற்கு அந்த உரிமத்தின் நிபந்தனைகளே வேலி. அப்படியானால், சரணாலயத்தைக் காப்பவரின் ஏடும், உரிமம் வழங்குபவரின் ஏடும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கப்படுகின்றனவா? பாருக்குள்ளே தொழில் செய்யும் படகுகள் எத்தனை, வெளியே செய்பவை எத்தனை எனப் பிரித்துச் சொல்ல ஒரு கந்தோராவது உண்டா? சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குவோர், அலங்கார மீன் பிடிப்போர், டொல்பின் காட்டச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வோர் ஆகிய யாவரையும் சேர்த்து அந்தப் பார் தாங்குமா என்று கூட்டிப் பார்த்தவர் யார்? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பத்திரமும் நியாயமாகவே தோன்றலாம். கூட்டுத் தொகைதான் கொல்கிறது.

கமக்காரப் பெருமக்களுக்கு இந்த உண்மை புதிதன்று. 1980களில் இக்கரையிலே இறால் பண்ணைகள் பெருகியபோது நடந்தது என்ன? ஒரே கால்வாயில் நீரை இறைத்து, அதே கால்வாயிற் கழிவை விட்டார்கள். ஒருவன் குளத்துக் கழிவு அடுத்தவன் குளத்து முதல் நீராயிற்று. அனுமதி பெற்ற பண்ணைகளோடு அனுமதி பெறாதவையும் அணிவகுத்தன. கண்டற் காடுகள் வெட்டுண்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பத்திரம் உள்ளவன், இல்லாதவன் என்று பார்க்கவில்லை. கடன்பட்டு முதலிட்டவர் கையைச் சுட்டுக்கொண்டு போனார்கள். கைவிடப்பட்ட குளங்களோ உப்பைத் தேக்கிக்கொண்டு நிலத்திலேயே கிடந்தன. பட்டபின் ஞானம் பிறந்தது. கால்வாய்த் தொடரை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்று பயிர்ச் செய்கை அட்டவணை போலவே ஓர் அட்டவணை வகுத்தார்கள். ஒரு பண்ணைக்கென்று கொடுக்கும் அனுமதி, அதைச் சூழ்ந்த நீர் முழுவதையும் பார்த்தே கொடுக்கப்பட வேண்டும் என்ற உண்மையை அந்நோய் கற்றுக் கொடுத்தது. வாய்க்கால் வரவை எண்ணாமல் வயல்களுக்கு நீர் பங்கிடுவானா வட்ட விதானை?

ஆயினும் கற்ற பாடம் எத்தனை நாள் நிற்கிறது! ஆனைவிழுந்தான் சரணாலயத்தைப் பாருங்கள். பண்டைக் காலத்துக் குளங்கள் ஏழு, ஒன்றின் நீர் மற்றொன்றுக்கு இறங்கும்படி தொடராக அமைந்த இடம். வயலுக்கு நீரும், வரவுப் பறவைக்கு உறைவிடமும், கடலோரத்துக்குக் கண்டலும் சேர்ந்த அருமையான நிலம். 1997இல் சரணாலயமாக்கப்பட்டது, 2001இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அத்தகைய இடத்திலே, 2020 ஆகஸ்டில், மண்வாரி இயந்திரம் இறங்கிக் கண்டல்களை வேரோடு பிடுங்கியது. இறால் பண்ணை அமைக்க என்றே செய்தி வந்தது. நாடே திடுக்கிட்ட பின் கைதுகள் நடந்தன. மண்வாரி என்ன, மடியிலே ஒளித்து வரக்கூடிய மண்வெட்டியா? அது வரும் வழியிலே எத்தனை கந்தோர்கள்!

வேறொரு வழியும் உண்டு. அனுமதி தர முடியாத இடமென்றால் எல்லைக் கல்லையே பெயர்த்து வைத்துவிடலாம். 2024இல் மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை, நீருயிரின வளர்ப்பின் பொருட்டு, ஒதுக்கிடத்திலிருந்து நீக்கி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. 2016இல் காப்பதாகச் சொன்ன நிலத்தை எட்டு ஆண்டுகளுக்குள் கைவிடலாமெனில், காவல் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க அவுஸ்திரேலியாவிலே, பெருந்தடுப்புப் பவளத்திட்டைக் காக்க 1975ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டமும் தனி அதிகாரசபையும் உண்டு. 3,44,400 சதுர கிலோமீற்றர் கடல். அங்கு அனுமதி வழங்கும் முறையை அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவு யாது? விண்ணப்பங்களை ஆராய்வதிலே குறை. அனுமதி பெற்றவர் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறாரா என்று கண்காணிப்பதிலே குறை. கடைப்பிடியாதவர்மீது நடவடிக்கை எடுப்பதிலே குறை. காசு களவு போயிற்று என்று அக்கணக்காய்வு சொல்லவில்லை. பத்திரத்தைக் கொடுத்த கை, பின்னர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றே சொன்னது. அதிகாரசபையோ கோபித்துக்கொள்ளவில்லை, பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது. இதுவன்றோ அரசியல் நாகரிகம்!

நம் நாட்டிலே இதற்கு வழியில்லையா? தாராளமாக உண்டு. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பதவி அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின் பலத்தோடு நிற்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசியக் கணக்காய்வுச் சட்டம் அவர் கையை மேலும் வலுப்படுத்தியது. ரூபா சதம் சரியா என்பதோடு அவர் பணி முடிவதில்லை. செயலாற்றுகைக் கணக்காய்வு மூலம், எந்த நோக்கத்துக்காக ஒரு திணைக்களம் இயங்குகிறதோ அந்நோக்கம் நிறைவேறியதா என்றும் அவர் கேட்கலாம். அறிக்கை பாராளுமன்றத்துக்குச் செல்கிறது. அங்குள்ள குழுக்கள் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கின்றன. எனவே புதிய சட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. உள்ள சட்டத்தைப் பார் முருகைக் கடலுக்கும் அதனோடு தொடுத்த களப்புகளுக்கும் கொண்டு வாருங்கள் என்றே கேட்கிறோம்.

அவ்வாறு வரும் கணக்காய்வு ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்.

முதலாவது: அனுமதிகளின் எண்ணிக்கை எதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது? நாரா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கடலைப் பார்த்துச் சொன்ன அளவா, சென்ற ஆண்டின் ஏட்டைப் பார்த்து எழுதிய அளவா?

இரண்டாவது: கடல் மாறியபோது அனுமதி மாறியதா? 1998இல் கடல் வெப்பமுற்றுப் பாரின் ஆழமற்ற பகுதி முருகைகள் வெளிறி மடிந்தன. மெல்லத் துளிர்த்து வந்தவை 2016இல் மீண்டும் வெளிறின. வெப்பத்தைத் தடுக்க எந்த உத்தியோகத்தராலும் இயலாது. அக்குற்றத்தை அவர் தலையில் ஏற்றுவது அநியாயம். ஆனால் நோயாளியின் நிலை மாறிய பின்னும் பழைய மருந்துச் சீட்டையே புதுப்பித்துக் கொடுக்கும் வைத்தியனை என்னவென்பது? முருகை மடிந்த ஆண்டிலும், தளிர்த்த ஆண்டிலும் பத்திரங்களின் தொகை ஒன்றாகவே இருந்திருப்பின், அங்கே ஒழுங்குபடுத்தல் நடக்கவில்லை. எழுத்து வேலைதான் நடந்தது.

மூன்றாவது: பத்திரம் கொடுத்த பின் எத்தனை தரம் கடலுக்குச் சென்று பார்த்தார்கள்? படகு உண்டா, எரிபொருள் உண்டா, ஆள் உண்டா? இல்லையெனில் அந்தக் குறையைக் கீழ் உத்தியோகத்தரின் தலையிற் கட்டாமல், பணம் ஒதுக்காத மேலிடத்தின் பெயரிலே எழுத வேண்டும்.

நான்காவது: தடைசெய்யப்பட்ட வலையோடும், வெடியோடும் பிடிபட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் உரிமம் இழந்தோர் எத்தனை பேர்? தண்டம் கட்டிவிட்டு மறுநாளே அதே கடலுக்குப் போக முடியுமானால் அந்தத் தண்டமும் ஒரு கட்டணமே; சூறைக்கான அனுமதிக் கட்டணம்!

ஐந்தாவது: நிபந்தனைகள் எந்த மொழியிற் கொடுக்கப்பட்டன? 1987இல் செய்யப்பட்ட 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. உடப்பிலும் கற்பிட்டியிலும் வாழும் தமிழ் பேசும் மீனவன் தான் வாசிக்க இயலாத நிபந்தனையை மீறினான் என்று குற்றஞ்சாட்டப்படுவது நீதியா? பத்திரம் தோறும் தமிழ்ப் பிரதி உண்டா எனக் கணக்காய்வு எண்ணிப் பார்க்கட்டும். மொழியுரிமை மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. மீனவன் சட்டைப் பையிலுள்ள காகிதத்திலும் அது இருக்க வேண்டும்.

"இதெல்லாம் வந்தால் ஏழை மீனவன்தான் நசுக்கப்படுவான், பெரிய முதலாளி தப்பிவிடுவான்" என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வீணானதன்று. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே, இராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் பின் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அந்தத் தீவுகளுக்குப் போவதே குற்றமாயிற்று. கையாற் பாசி பறித்தவள் குற்றவாளி. கடலடியை விசைப்படகு இழுவை வலை வாரிய கதை வேறு. இந்த அநீதி இங்கே நேரக் கூடாதென்பதற்காகவே நாம் கணக்காய்வைக் கேட்கிறோம். பத்திரம் யாருக்கு எளிதிற் கிடைத்தது, யாருக்குக் காத்திருந்தும் கிடைக்கவில்லை, யார் மீது வழக்கு, யார் மீது வெறும் எச்சரிக்கை என்பவற்றை ஓர் ஏட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தால், சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பது குருடனுக்கும் தெரியும். கணக்கு இல்லாத இடத்திலேதான் பெரிய மீன் தப்பும். சின்ன மீன் சிக்கும்.

ஒழுங்கு என்பது நம் மீனவர் அறியாத பண்டமுமன்று. கரைவலைப் பாடுகளைப் பாருங்கள். எந்தப் பாடு எவருடையது, எவர் முறை எப்போது, எவர் வலை முதலில் இறங்கும் என்பதெல்லாம் ஊரே அறிந்த விதி. மீறினால் கரையில் நிற்கும் அத்தனை பேரும் சாட்சி. அந்த அனுமதி ஒளிவுமறைவாக இருப்பதில்லை. ஆகவே அங்கே கணக்காய்வும் நாள்தோறும் நடக்கிறது. அரசாங்கத்தின் அனுமதி மட்டும் ஏன் அலுமாரிக்குள் உறங்க வேண்டும்? யாருக்கு, எதற்கு, எவ்வளவுக்கு, எந்நாள் வரை என்ற பட்டியலைப் பிரதேச செயலக வாயிலிலும், மீன்பிடித் துறையிலும், தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வைக்கட்டும். ஒட்டி வைத்த பட்டியலுக்கு ஊர் முழுதும் கணக்காய்வாளர்.

அதுவரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகன் கையிலும் ஒரு சிறு கணக்காய்வுக் கோலைத் தந்திருக்கிறது. சட்டம் அறிந்தவர் விண்ணப்பம் எழுதட்டும்; ஆங்கிலமும் சிங்களமும் அறிந்த ஆசிரியர் பதிலை மொழிபெயர்க்கட்டும்; கமக்காரர் சங்கமும் மீனவர் சங்கமும் ஒரே பாயில் அமர்ந்து அதை ஆராயட்டும். தமிழரும், முஸ்லிம்களும், சிங்களவரும் ஒரே களப்பில் வலை வீசும் மாவட்டம் இது. இந்தக் கணக்கைக் கேட்பதில் இன பேதத்திற்கு இடமில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டுச் சரணாலயமும் மீனுக்கு உதவாது, மீனவனுக்கும் உதவாது. சிப்பியை எண்ணிய பின் சலாபம் கூறிய கரை இது. அந்தக் கரையிலே இன்று பத்திரங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணக்காய்வாளர் தலைமை அதிபதி அவர்கள் தம் உத்தியோகத்தரைப் பத்திரம் எழுதும் மேசையிலிருந்து புறப்படச் சொல்லட்டும். அந்தப் பத்திரம் போகும் படகிலேயே அவர்களும் ஏறட்டும். படகு எங்கே நிற்கிறது, வலை எங்கே விழுகிறது, அதில் என்ன ஏறுகிறது என்று கண்ணாற் கண்டு எழுதட்டும். அந்த அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்து நம் பிரதிநிதிகள் பேச வேண்டும். பேசாதவரிடம் ஏன் பேசவில்லை என்று வாக்காளர் கேட்க வேண்டும்.